கருப்புக்குள்ளேயே நில்

ஒரு மரம் அதிகமாக இருந்தது.

அவளுக்கு முதலில் தன் கண் மேல்தான் சந்தேகம் வந்தது. காலையில் எரித்த நிலம். வெக்கை இன்னும் அடங்காமல் பூட்ஸின் அடித்தோல் வழியாக ஏறிப் பாதத்தைக் கூசவைத்தது. இடுப்புயரப் புல் நின்ற இடமெல்லாம் கருஞ்சாம்பல் படிந்து, கால் வைக்கும்போதெல்லாம் முட்டை ஓடு நொறுங்குவதுபோலச் சத்தம் எழுப்பியது. தீ கடந்துபோன மரங்கள் ஆறுகையில் பட்டைக்குள்ளிருந்து டிக், டிக் என்று சின்னச் சின்ன வெடிப்புகள் கேட்டன. எரிந்த பிசினின் நெடி தொண்டையில் ஒட்டியது. இப்படிப்பட்ட இடத்தில் யாருக்கும் கண் ஏமாறும். ஆனால் இந்த நிலத்து மரங்கள் அவளுக்குப் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. எவன் குட்டை, எவன் சாய்ந்தவன், எவனுக்குப் போன வருடத் தீயில் ஒரு பக்கம் பட்டை உரிந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவர்களுக்கு நடுவில் ஒரு புது ஆள் வந்து நின்றால் தெரியாமல் போகுமா?

அது ஓடைப் பக்கத்துச் சரிவில் நின்றது. ஓர் ஆள் உயரம், ஓர் ஆள் பருமன். கிளை கிடையாது. உச்சியில் ஒடிந்த அடையாளமும் இல்லை, நெருப்பு தின்று மிச்சம் வைத்த கூர்மையும் இல்லை. மழுங்கலாக, உருண்டு முடிந்தது. மற்ற மரங்களில் தீயின் கருப்பு முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ நின்றுவிட்டிருந்தது. இது மட்டும் கால் முதல் தலைவரை கரியாக இருந்தது. தலை என்று நினைத்ததை அவள் மனதுக்குள் உச்சி என்று திருத்திக்கொண்டாள்.

மரமும் புல்லும் கலந்த அந்தப் பரந்த வெளியை ஆய்வு நிலையத்தார் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை ஒவ்வொரு கோடையிலும் எரிப்பார்கள். இன்னொன்றைச் சில வருடங்களுக்கு ஒரு முறை. மூன்றாவதில் தீக்குச்சிகூட உரசக் கூடாது. எரித்தால் எது செத்துப் போகிறது, எது மறுபடி துளிர்க்கிறது, எந்த விலங்கு திரும்பி வருகிறது, எது வருவதே இல்லை என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது, அவள் ஓய்வு பெற்ற பிறகும் நடக்கும். ஒவ்வொரு மரத்திலும் மார்பு உயரத்தில் ஓர் அலுமினியத் தகடு, அதில் எண். எரிந்து முடிந்ததும் அவள் உள்ளே போய், கரி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளந்து, கத்தி முனையால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பாள்.

தீ வைப்பது அவளுடைய சொந்த அண்ணன். தீயணைப்புக் குழுவுக்கு அவன்தான் தலைவன். காற்றைப் பார்த்து, புல்லின் ஈரத்தைக் கையால் நசுக்கிப் பார்த்து, எந்த மூலையில் பற்றவைப்பது என்று முடிவு செய்கிறவன். "இந்த வீட்டுல அண்ணன் கொளுத்திப் போடுவாரு, தங்கச்சி போய் சேதாரத்தைக் கணக்கெடுப்பா" என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று காலை ஜீப்பில் வரும்போது அவள் அண்ணனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தாள். நகரத்து அலுவலகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, மழைக்கு முன்னால் போய்விடுவேன் என்று. மேசை, நாற்காலி, மின்விசிறி, புகையே இல்லாத காற்று. அண்ணன் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஓட்டினான். பிறகு, "போறதுன்னா போ. மரத்தையெல்லாம் யாரு பாத்துப்பா?" என்று கேட்டான். கோபம் மாதிரித்தான் இருந்தது குரல். ஆனால் இறங்கும்போது தன் தண்ணீர்க் குப்பியையும் எடுத்து அவள் பைக்குள் திணித்துவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் கங்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா பார்த்து வருகிறேன் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அதிகமாக இருந்த அந்த மரத்தை நோக்கி அவள் நடந்தாள்.

விலங்குத் தடம் பார்க்கிற சக ஊழியர் மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பில் போயிருந்ததால், சாம்பலில் பதியும் கால்தடங்களைப் பார்க்கும் வேலையும் அன்று அவள் தலையில் விழுந்திருந்தது. தீ அணைந்த சற்று நேரத்திலேயே வளைகளுக்குள் ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். எலி வந்திருந்தது. கீரி ஒன்று குறுக்கே போயிருந்தது. முயல் ஒன்று நேராகச் சரிவை நோக்கி வந்து, அந்தக் கரி மரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் நின்று, வந்த தடத்தின் மேலேயே திரும்பிப் போயிருந்தது. கீரியின் தடமும் அந்த இடத்துக்கு வந்ததும் வளைந்து சுற்றிக்கொண்டு போனது. மரத்தைச் சுற்றி வட்டமாக ஓர் இடத்தில் எந்தத் தடமும் இல்லை. சாம்பல், சலித்துக் கொட்டிய மாவு போல அலுங்காமல் கிடந்தது.

பறவைகளும் அப்படித்தான். எரிந்த நிலத்தில் வெந்த பூச்சிகளைத் தின்னக் கரிச்சான்கள் கூட்டமாக வந்திருந்தன. ஒவ்வொரு மரத்திலும் ஒன்றிரண்டு வால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வசதியான உயரத்தில் மொட்டையாக நிற்கும் இதன் மேல் ஒன்றுகூட உட்காரவில்லை.

அவள் அந்த வட்டத்தின் ஓரத்தில் நின்றாள். ஏன் அதற்குள் கால் வைக்கவில்லை என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அங்கிருந்தே முகத்தில் வெக்கை அடித்தது, அடுப்பு வாயில் குனிந்த மாதிரி. அடிமரம் அகன்று வேரோடும் இடமே இல்லை. நட்டு வைத்ததுபோல நேராகச் சாம்பலுக்குள் இறங்கியிருந்தது. தகடு இல்லை, ஆணி அடித்த தழும்பும் இல்லை. மற்ற மரங்கள் எல்லாம் ஆறிக்கொண்டே வெடிக்க, இது மட்டும் சத்தமே போடவில்லை. ஏதோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

அவள் வாக்கிடாக்கியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். சரிவில் கணக்கில் வராத மரம் ஒன்று நிற்கிறது, உன் ஆட்கள் யாராவது எங்கிருந்தாவது கட்டையை இழுத்து வந்து நட்டு வைத்து விளையாடுகிறார்களா என்று கேட்டாள். அவன் சிரித்தான். நகரத்துக்குப் போகப் போகிறோம் என்றதும் எண்ணக்கூட மறந்துவிட்டதா என்று கிண்டல் செய்தான். கிளையில்லாத கரிக்கட்டை, ஆள் உயரம் இருக்கும் என்று அவள் விவரித்ததும் சிரிப்பு நின்றது.

"போன வருஷம் நானும் ஒண்ணு பாத்தேனே" என்றான். "எரிச்சு முடிச்ச அன்னைக்கு. ஓடைக்கு அந்தக் கரையில நின்னுச்சு. நீ ஏதோ அளக்குறதுக்கு நட்டு வெச்ச கம்பம்னு நெனச்சேன்."

"நான் எதுவும் நடல."



"சரி, வேலைய நாளைக்குப் பாத்துக்கலாம். நீ கெளம்பு."

அவள் கிளம்பினாள். முதுகைக் காட்டி நடக்கப் பிடிக்காமல் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அது அங்கேயேதான் நின்றது. மரம் வேறெங்கே போகும்? இதற்கெல்லாம் பயந்தால் இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது என்று தன்னையே ஏசிக்கொண்டாள். நிலைய வீட்டின் தகரக் கூரை தூரத்தில் மின்னியது. அதற்கும் அவளுக்கும் நடுவில் எரிக்காத பகுதி. அதன் ஓரமாக, மண்ணைச் சுரண்டிப் புல்லில்லாமல் வைத்திருந்த தீத்தடுப்புப் பாதை. அந்தப் பாதையைப் பிடித்துவிட்டால் வீடு கூப்பிடு தூரம்தான்.

பாதி வழியில் காற்று நின்றது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது.

வடக்கு மூலையில், உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்த பட்டமரம் ஒன்று முறிந்து விழும் சத்தம் கேட்டது. தீப்பொறிகள் கூட்டமாக எழும்பி, ஏதோ பூச்சிக்கூட்டம் இடம் மாறுவதுபோல, அவசரமில்லாமல் பாதையைத் தாண்டிப் போய் எரிக்காத பகுதிக்குள் இறங்கின. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, பெரிய துணியை யாரோ நுனி முதல் நுனி வரை கிழிப்பதுபோல ஒரு சத்தம்.

அவள் பிறப்பதற்கு முன்பிருந்து எரியாத புல் அது. வருடா வருடம் காய்ந்து, சாய்ந்து, அதன் மேலேயே முளைத்து, மெத்தை மெத்தையாகக் கிடந்தது. காலையில் அண்ணன் வைத்த தீ முழங்கால் உயரத்தில் நாய் மாதிரி அவன் சொன்ன பக்கம் போனது. இந்தத் தீ மரங்களின் தலைக்கு மேலே நின்றது. தகரக் கூரை மறைந்தது. தெற்கே ஆய்வு நிலத்துக்கு வெளியே இருந்த புல்லும் பிடித்துக்கொண்டது. வாக்கிடாக்கியில் ஆட்கள் ஒருவர் குரல் மேல் ஒருவர் கத்தினார்கள். தண்ணீர் லாரியை வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார்கள், வீட்டைக் காப்பாற்றினால் போதும் என்றார்கள். அந்தக் குரல்களை எல்லாம் வெட்டிக்கொண்டு அண்ணன் வந்தான்.

"பாப்பா, எங்க இருக்க?"

எரிந்த நிலத்தின் நடுவில் என்றாள்.

"ஓடாத. எந்தப் பக்கமும் ஓடாத. கருப்புக்குள்ளேயே நில்லு. எரிஞ்ச எடம் மறுபடி எரியாது. கேட்டுச்சா?"

கேட்டது. அது அவளுக்கும் தெரிந்ததுதான். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதைத்தான். எரிந்து முடிந்த நிலத்துக்குப் பெயர் கருப்பு. தீ சூழ்ந்தால் கருப்புக்குள் போ, அங்கேயே இரு, தீ தன்னால் கடந்து போகும். கருப்பை விட்டு ஓடியவர்கள்தான் செத்திருக்கிறார்கள்.

நிலத்தின் நடுவில் அவள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. அதில் முதுகைச் சாய்த்து, தலைத்துணியை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். வீட்டுப் பக்கம் தீ. தெற்கே தீ. வடக்கே விழுந்த மரமும் அதைச் சுற்றியிருந்த புதரும் எரிந்தன. தீ இல்லாத ஒரே பக்கம் ஓடைப் பக்கம்.

அந்தப் பக்கம்தான் அது நின்றது.

முதல் புகை வந்தது. மஞ்சள் கலந்த பழுப்பு, பஞ்சுப் பொதி மாதிரி உருண்டு வந்து எல்லாவற்றையும் மூடியது. மத்தியானம் சட்டென்று மசங்கிப் போனது. சூரியன் செம்புத் தட்டாகச் சிவந்து, பிறகு அதுவும் இல்லாமல் போனது. அவள் குனிந்து, தரையோடு ஒட்டிக் கிடந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். புகை விலகியதும் முதல் வேலையாகச் சரிவைப் பார்த்தாள்.

அது இரட்டைத் தண்டு மரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

முன்பு அந்த மரத்துக்குக் கீழே, சரிவில் வெகுதூரம் தள்ளி நின்றதாகத்தான் அவளுக்கு நினைவு. ஆனால் அப்போது அவள் நின்ற இடம் வேறு. இடம் மாறினால் பார்வைக் கோணமும் மாறும், பின்னால் இருப்பது பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். அதுதான். வேறென்ன. இனிமேல் இந்தப் புற்றை விட்டு நகரக் கூடாது என்று முடிவு செய்தாள். முதுகை அதோடு அழுத்திக்கொண்டாள். புற்றின் சூடு சட்டையைத் தாண்டி இறங்கியது. இங்கிருந்து பார்க்கும்போது இரட்டைத் தண்டு, அதன் இடது பக்கம் கரி மரம், இந்தப் பக்கம் சாய்ந்தவன், அதற்கும் முன்னால் பட்டை உரிந்தவன். சரி. மனதில் படமாகப் பதித்துக்கொண்டாள்.

இரண்டாவது புகை வந்து போனது.

கரி மரம் சாய்ந்தவனுக்கும் இரட்டைத் தண்டுக்கும் நடுவில் நின்றது.

அவள் தரையைப் பார்த்தாள். சாம்பல் அலுங்கவில்லை. இழுத்த கோடு இல்லை, தடம் இல்லை. அது முன்பு நின்ற இடத்தில் குழிகூட இல்லை. கிளம்பிய இடமும் வந்த வழியும் இல்லாமல், அங்கே இருந்தது.

வாக்கிடாக்கி கையில் வழுக்கியது. அண்ணனைக் கூப்பிட்டு, அது நகர்கிறது என்றாள். எது என்றான். அந்த மரம் என்றாள். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே தெரிந்தது.

"புகை தலைக்கேறிடுச்சு உனக்கு" என்றான் அண்ணன். குரல் மாறியிருந்தது. சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் அடித்த இரவுகளில் அவன் பேசும் குரல். "கீழ உக்காரு. மூக்கைத் தரையோட வெச்சுக்க. பேசிக்கிட்டே இரு, தூங்கிடாத. நான் வரேன்."

"எந்தப் பக்கமா வருவ?"

"ஓடைப் பக்கமா. அங்கதான் தீ இல்ல."

"வேண்டாம்ணா. அந்தப் பக்கம் வராத. அதுதான் அங்க நிக்குது."

"சரி சரி. வரல. நீ உக்காரு" என்றான் அவன், குழந்தையிடம் சொல்வதுபோல. அவன் குரலுக்குப் பின்னால், இறங்கி ஜீப்பின் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

அவனை வரவைத்ததே தன்னுடைய பேச்சுதான் என்று அவளுக்குப் புரிந்தது. பேசாமல் இருந்திருந்தால், நான் நன்றாக இருக்கிறேன், தீ அடங்கட்டும் என்று சொல்லியிருந்தால், அவன் வந்திருக்க மாட்டான். மறுபடி கூப்பிட்டாள். நடக்கிறவன் இடுப்பில் வாக்கிடாக்கி ஆடிக்கொண்டிருக்கும். பதில் இல்லை.

அவள் எழுந்து எதிர்ப்பக்கம் ஓடினாள். தீயைப் பார்த்து. பாதையை எட்டுவதற்கு வெகுமுன்பே வெக்கை கையால் நெஞ்சைப் பிடித்துத் தள்ளுவதுபோலத் தள்ளியது. புருவம் பொசுங்கும் நாற்றம் வந்தது. கண் திறக்க முடியவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தாள். சட்டைக் கையின் ஓரம் சுருங்கிக் கருகியது. திரும்பினாள். திரும்பும்போது கண்களை மூடியிருந்த நேரத்தை நினைத்துக் கொண்டாள். திறந்தாள்.

பட்டை உரிந்தவன் பக்கத்தில்.

புற்றுக்குத் திரும்பி முதுகைச் சாய்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் வரை அது வெறும் கட்டைதான். அதன் மேல் சிறு வெடிப்புகள் தெரிந்தன, முதலைத் தோல் மாதிரி, கட்டம் கட்டமாக. வெடிப்புகளுக்குள் ஆழத்தில் இன்னும் கனல் இருந்தது. மங்கும். பிறகு பிரகாசிக்கும். மங்கும். ஊதுகிற காற்றோடு அது பொருந்தவில்லை. காற்று நின்றபோதும் மங்கிப் பிரகாசித்தது.

அவளுக்கும் அதற்கும் நடுவில் சாம்பல் அசைந்தது. வளை ஒன்றிலிருந்து முயல் தலையை நீட்டியது. வெளியே வந்து, காதுகளை முதுகோடு படியவைத்து உட்கார்ந்தது. தீயின் பக்கம் பார்த்தது. கரி மரத்தின் பக்கம் திரும்பியது. அதன் உடம்பு முழுக்க நடுங்குவது அவள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

பிறகு தீயை நோக்கி ஓடியது. நேராக. நிற்காமல்.

கரிச்சான்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தன.

மூன்றாவது புகை மெதுவாக வந்தது. சரிவின் அடியிலிருந்து ஒவ்வொரு மரமாக மூடிக்கொண்டு மேலே ஏறியது. இரட்டைத் தண்டு போனது. சாய்ந்தவன் போனான். கரி மரத்தை மூடும் முன் அவள் அதைக் கண்ணால் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. எல்லாம் பழுப்பு. தன் கையே தெரியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, புற்றோடு புற்றாக ஒட்டிக்கொண்டாள். அடுப்பு வாயின் வெக்கை முகத்தில் அடிக்கிறதா என்று காத்திருந்தாள். இடது கன்னத்தில் சூடு. தீயாக இருக்கும். வலது கன்னத்திலும்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"தெரியுது" என்றான் அண்ணன். மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் நிம்மதி. "உன்னப் பாத்துட்டேன்."

அவள் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். புகை. புகையைத் தவிர ஒன்றும் இல்லை. அண்ணன் இல்லை. காலடிச் சத்தம் இல்லை.

"அப்படியே நில்லு. அசையாத. நான் வந்துட்டேன்."

அவள் உட்கார்ந்திருந்தாள். நிற்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள். கருவி பீப் என்று கத்தி மறுத்தது. அண்ணன் தன் பொத்தானை விடவே இல்லை. ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும் வரை அடுத்தவர் பேச முடியாது. அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடி. பீப். பீப். எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாள். அது நான் இல்லை, அண்ணா, அது நான் இல்லை. தீயின் இரைச்சல் அந்தச் சத்தத்தை அவள் உதட்டிலேயே தின்றது.

"ஏன் பேசாம நிக்கிற? பயந்துட்டியா? ஒண்ணும் இல்ல. வா, ஓடைக்குப் போயிடலாம்."

சாம்பல் நொறுங்கும் சத்தம் கருவிக்குள் கேட்டது. அவன் நடந்தான். மெதுவாக, முட்டையோட்டின் மேல் நடப்பதுபோல. ஒன்று. இன்னொன்று.

நின்றான்.

"பாப்பா" என்றான். "உடம்பு ஏன் இப்படிச் சுடுது?"

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் அவள் அந்தத் திசையில் ஓடியிருப்பாள். மூச்சு மட்டும் கேட்டது. வேகமாக உள்ளே போன மூச்சு. வெளியே வர நெடுநேரம் ஆனது. அடுத்தது அதைவிட மெதுவாக. அதற்கடுத்தது காற்றில்லாத நேரத்தில் கனல் ஏறி இறங்குகிற அதே வேகத்தில், அதே நிதானத்தில். பொத்தான் அழுந்தியபடியே இருந்தது.

புகை விலகத் தொடங்கியது.

அவள் பார்க்க விரும்பவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பட்டை உரிந்தவன் முதலில் தெரிந்தான். அவனுக்கு இந்தப் பக்கம், புற்றிலிருந்து சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில், இப்போது இரண்டு நின்றன.

முதலாவது பழையது. இரண்டாவது கொஞ்சம் உயரம். இன்னும் முழுக்கக் கருக்கவில்லை. உச்சியிலிருந்து மெல்லிய நூலாகப் புகை எழும்பியது, அடியில் சாம்பல் அலுங்காமல் கிடந்தது. அதற்கு ஒரு கிளை இருந்தது. ஒரே ஒரு கிளை. முழங்கை மடிவதுபோல நடுவில் மடிந்து, முகத்துக்கு நேராக உயர்ந்திருந்தது. அதன் நுனியில், வாக்கிடாக்கியில் பேசும்போது மட்டும் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் கையிலிருந்த கருவி மூச்சு விட்டது.

காற்று திரும்பியது. சரிவின் அடியிலிருந்து அடுத்த புகை ஏறி வந்தது. பழையதை மூடியது. பிறகு புதியதை மூடியது. சிவப்பு விளக்கு மட்டும் பழுப்புக்குள் ஒரு புள்ளியாக நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் நகராது.

அது கொஞ்சம் ஆடியது. பிறகு, நடக்கிறவன் கையிலிருக்கும் விளக்கு மாதிரி லேசாக ஏறி இறங்கிக்கொண்டே, அவளை நோக்கி வந்தது.